வெள்ளைப் பெட்டிக்கு அடியில் உன் பெயர்

உன் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு அட்டை அடிக்கும் வேலையை உன் தம்பி என் தலையில் கட்டியிருக்கிறான். "அக்காளுக்கு எது புடிக்கும்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்" என்று சொல்லி, உன் போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நேற்றுக் காலை அதை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூரில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. திரையில் உன் முகத்தை விரலால் தொட்டு இழுத்தாள். நீ இடது மூலைக்குப் போனாய். எழுத்தெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. வலது மூலைக்கு இழுத்தாள்; எழுத்து இந்தப் பக்கம் வந்து நிரம்பியது. "எங்கீங்க ஆன்ட்டி வெக்கட்டும்?" என்று கேட்டாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, டீயும் குடிக்காமல் வெயிலில் நின்றேன். நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

ஒரு படத்தை நினைத்த இடத்தில் வைக்க நாம் பட்ட பாடு அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்து அவளுக்கு ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அந்த மாடி அறை அப்படியே கண்ணுக்கு வந்துவிட்டது. கீழே சைக்கிள் கடை, மேலே நம் கடை. ஒரு கம்ப்யூட்டர், அழுதுகொண்டே அச்சடிக்கும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. டைப்ரைட்டிங் வகுப்பில் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் நீ. உன் கணவர் கரூர் ரோட்டில் லாரி மோதி இறந்து ஒன்பது மாதம் கழித்து, வீட்டில் இருக்க முடியவில்லை, வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வந்தாய். வயது இருபத்தேழு. என்ன சொல்வது என்று தெரியாமல் நான், "ஸ்பீடு போயிருக்கும், டைப் அடிச்சுக் காட்டு" என்றேன். நீ அடித்துக் காட்டினாய். ஒரு தப்பு இல்லை. அன்றைக்கே ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லாமல் பரீட்சை வைத்தேனே என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். நீயோ, அந்தப் பரீட்சைதான் உனக்குப் பிடித்திருந்தது என்றாய். ஒன்பது மாதமாக எல்லாரும் உன்னைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்களாம்.

அப்போது நமக்கு வந்த வேலை பாதிக்கு மேல் பத்திரிகைதான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. மேலே நடுவில் பிள்ளையார் இருக்க வேண்டும். அவரை நடுவில் உட்கார வைக்க நான் ஸ்பேஸ்பாரைத் தட்டுவேன், தட்டுவேன், இருபது முப்பது தடவை தட்டுவேன். கீழே இறக்க எண்டர், எண்டர், எண்டர். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று மூச்சு விடும்போது வாடிக்கையாளர் வந்து, "எங்க சின்ன மாமன் பேரு உட்டுப்போச்சுங்க" என்பார். அந்த ஒரு பெயரைச் சேர்த்ததும் பிள்ளையார் அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். நான் மானிட்டரைத் திட்டுவேன். நீ பன்னிரண்டு அங்குல பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக் கண்ணாடித் திரைமேல் வைத்து, இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று அளப்பாய். திரையில் இருப்பதும் தாளில் வருவதும் ஒரே அளவா என்று நான் கேலி செய்தால், "அளவு வேறயா இருக்கலாம், நடு நடுதான்" என்பாய்.

மெனுவில் டெக்ஸ்ட் பாக்ஸ் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்ததும் நீதான். நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டியைத் திரை முழுக்க இழுத்துக்கொண்டிருந்தாய். "புடிச்சு இழுத்தா வருது அம்மணி. எங்க வேணும்னாலும் வெக்கலாம்" என்றாய். பெட்டிக்குள் எழுத்து வைக்கலாம், படம் வைக்கலாம், வெளியே இருக்கும் எழுத்தைத் தொந்தரவு செய்யாமல் அதன்மேலேயே மிதக்க விடலாம். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாம் இரண்டு பேரும் பிள்ளையாரை மூலைக்கு மூலை இழுத்து விளையாடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆனால் பழைய புத்தி போகுமா? ஸ்பேஸ்பாராலும் எண்டராலும் கட்டிய பத்திரிகைகள் நிறைய இருந்தன. ஒரு வரியை அழித்தால் கீழே இருப்பதெல்லாம் மேலே ஏறிவிடும். அதனால் நான் ஒரு குறுக்குவழி பிடித்தேன். தப்பான வரியை அழிக்க மாட்டேன். அதன்மேல் கோடு இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டியைப் போட்டு மூடி, பெட்டிக்குள் சரியான வரியை அடித்துவிடுவேன். சுவரில் விரிசல் தெரிந்தால் அதன்மேல் காலண்டர் மாட்டுவோமே, அந்த மாதிரி. அச்சில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் மட்டும் மாட்டிக்கொண்டோம். லேசர் பிரிண்ட் எடுக்க டவுனில் இருந்த அச்சகத்துக்கு ஃப்ளாப்பியைக் கொண்டுபோய்ப் போட்டதும், அவர்கள் கம்ப்யூட்டரில் வரிகள் கொஞ்சம் இறங்க, பெட்டியும் வழுக்கிக்கொண்டு போய், தாய்மாமன் பெயர் கோணலாகப் பாதி அறுபட்டுத் தேதிமேல் ஏறி நின்றது. நல்லவேளை, அச்சுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு நீ ஒரு வாரம் அந்த மெனுக்களைத் துழாவி, எழுத்து நகர்ந்தாலும் பெட்டி நகரக் கூடாது என்று சொல்ல ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தாய். அதில் டிக் அடிக்காமல் எந்த ஃபைலும் கடையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டாய்.

உன் தம்பி கல்யாணம் வந்தது அதற்கு அடுத்த தை மாதம். பெண்ணும் உங்கள் ஊரான வெள்ளகோவில்தான். பத்திரிகையில் வர வேண்டியதெல்லாம் அவனே கைப்பட எழுதிக் கொண்டுவந்தான். உங்கள் குடும்பத்துப் பத்திரிகையில் இணைச்சீர் செய்பவர் பெயருக்கென்று தனியாக ஒரு வரி உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் புதுச்சேலை கட்டி, அவன் பக்கத்தில் நின்று அந்தச் சீரை வாங்கிக்கொள்ளாமல் நம் பக்கத்தில் தாலி ஏறாது. அந்த வரிக்கு எதிரில் அவன் உன் பெயரை எழுதியிருந்தான். கணவன் இல்லாத அக்காவை இணைச்சீருக்கு நிறுத்த மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தேதான் எழுதியிருந்தான். நீ அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு டைப் அடித்தாய். மற்ற பெயர்களைவிட அந்த வரியை நீ நிதானமாக அடித்தாய் என்று எனக்குத் தோன்றியது.

ப்ரூஃபை எடுத்துக்கொண்டு உன் பெரியப்பா நேரிலேயே வந்தார். சிவப்புப் பேனாவில் ஒரே ஒரு அடித்தல்தான். உன் பெயரை அடித்து, ஓரத்தில் கலாமணி என்று எழுதியிருந்தார். கலாமணி அவருடைய மூத்த மகள், உனக்கும் தம்பிக்கும் ஒன்றுவிட்ட அக்கா. அவரைப் பொல்லாதவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உன் அப்பா போனபிறகு உன்னை டைப்ரைட்டிங்குக்கு அனுப்பியவர் அவர். உன் கணவர் இறந்தபோது காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உன்னை நேராகப் பார்க்க முடியாமல் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பையன் ஆசைல எழுதிப்போட்டான் கண்ணு. நாளைக்குக் கட்டிட்டு வர்ற புள்ளைக்கு ஒரு தலைவலின்னாலும் சனம் உன்னயத்தான் பேசும். அதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க பெரியப்பா" என்றாய். அவ்வளவுதான். அவருக்குக் காப்பி வாங்கிவரப் போனாய்.

அவர் போனபிறகு நான் மேசை டிராயரை இரண்டு தடவை வேகமாக மூடினேன். ஃப்ளாப்பி டப்பாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன், இந்தப் பக்கம் வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சொல்லித்தான் வெள்ளகோவில் பக்கத்துப் பத்திரிகை வேலையெல்லாம் நமக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பயமும் இருந்தது. நீ நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இந்த வரிய மட்டும் நீயே மாத்திப்போடு அம்மணி" என்றாய். மாற்றினேன். உன் பெயரை அழிக்கக் கை வரவில்லை, அதோடு அழித்தால் கீழே எல்லாம் சரிந்துவிடும். வழக்கம்போல அதன்மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, கலாமணி என்று அடித்தேன். பெட்டி நகரக் கூடாது என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நீதான் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாய். நம் தமிழ் ஃபாண்ட் அந்த அச்சகத்து மெஷினில் இருக்காது என்பதால் அதற்கொரு ஃப்ளாப்பி, பத்திரிகைக்கு ஒரு ஃப்ளாப்பி. லேசர் பிரிண்ட் எடுத்து, அச்சுக்குக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினாய். முகம் கழுவிவிட்டு வந்து, எனக்கு வாங்கிவந்த மல்லிகைப்பூவைக் கொடுத்தாய். நீ பூ வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து நேராக வெள்ளகோவிலுக்கு பஸ்ஸில் போனது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கோயிலில் முதல் பத்திரிகையை வைத்து, பங்காளி வீடுகளுக்கெல்லாம் கொடுத்து முடித்தபிறகுதான் யாரோ உட்கார்ந்து முழுசாகப் படித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பெரியப்பாவும் உன் தம்பியும் மாடிப்படி ஏறி வந்தார்கள். பெரியப்பா பத்திரிகையை என் முன்னால் வைத்து, அந்த வரியில் விரலை வைத்தார். இணைச்சீர் என்பதற்கு எதிரில் உன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே கலாமணியின் பெயர்.

"இதாருங்க அம்மணி பண்ணுனது?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

முதலில், பெட்டி வழுக்கிவிட்டது, டிக் அடிக்க மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு இன்னொருமுறை பார்த்தேன். வழுக்கிய பெட்டி எப்படி நிற்கும் என்று நாம் பார்த்திருக்கிறோமே. கோணலாக, பாதி அறுபட்டு, இன்னொரு வரிமேல் ஏறி நிற்கும். இங்கே பிள்ளையார் அவர் இடத்தில் இருந்தார். தேதி அதன் இடத்தில் இருந்தது. கலாமணியின் பெயர் மட்டும் ஒரே ஒரு வரி இறங்கி, உன் பெயருக்கு நேர் கீழே, மேலும் கீழும் ஒரே இடைவெளி விட்டு, துளிகூடச் சாயாமல் நின்றது. ஸ்கேல் வைத்து அளந்த வேலை. கோபமாக ஒருத்தி செய்திருந்தால் கலாமணியின் பெயரை எடுத்தே போட்டிருப்பாள். நீ அவளுடைய இடத்தையும் விட்டுவைத்திருந்தாய்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாய். பார்த்து அடிக்க உன் முன்னால் ஒரு தாளும் இல்லை. ஆனாலும் விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

"என் தப்புங்க" என்றேன். "பழைய பேரை அழிக்காம மேல மூடி வெச்சிருந்தேன். அச்சகத்து மெஷின்ல அது நகந்துபோச்சுங்க. எல்லாத்தையும் என் செலவுல மறுபடி அடிச்சுத் தந்தர்றேன்."

"ஒரு பத்திரிகை ஒழுங்காப் போடத் தெரியாமயா கடை வெச்சிருக்கறீங்க" என்றார் பெரியப்பா. அவர் என்னைச் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டதும் உன் விரல்கள் நின்றன. நீ எழுந்துவிடுவாய், சொல்லிவிடுவாய் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அதற்குள் உன் தம்பி பேசிவிட்டான். பெரியவர்கள் முன்னால் அவன் வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "போன பத்திரிகையத் திரும்ப வாங்கறது நல்லாருக்காதுங்க பெரியப்பா. மஞ்சள் வெச்சுக் குடுத்தாச்சு. பேரு வந்தது வந்ததாவே இருக்கட்டும். ரெண்டு அக்காளும் நிக்கட்டும்ங்க."

பெரியப்பா, சீர் செய்துவைக்கும் அருமைக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். படி இறங்கும்போது உன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அவராகச் செய்யும் தைரியம்தான் இல்லை.

கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீரை வாங்கிக்கொண்டது கலாமணிதான். நீ அவளுக்குப் பக்கத்தில், அரக்குக்கரை வைத்த மாம்பழநிறச் சேலையில் நின்றாய். பின்னால் இரண்டு கிழவிகள் முணுமுணுத்தார்கள். நான் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தேன். அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் வந்தது. உன் தம்பி உன்னைப் பார்த்தான், நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அப்புறம் நீயும் நிமிர்ந்து பார்த்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நான் பெண் வீட்டுக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளகோவில் வேலைகள் நமக்கு வருவது நின்றுபோனது. ஒரு வருடம் கையைக் கடித்தது, பிறகு சரியாகிவிட்டது. பெரியப்பா மட்டும் சாகும்வரை என்னை விடவில்லை. எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "ஏனுங்க அம்மணி, பொட்டியெல்லாம் இப்ப ஓடாம நிக்குதுங்களா?" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். எனக்கு ஏதாவது எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விடுவாய்.

உன்னிடம் நான் அதைப்பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை தவிர. நீ போவதற்கு இரண்டு மாதம் முன்பு, என் வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். உடம்பு அப்போதே மெலிந்திருந்தது. "ஒண்ணு சொல்லோணும் அம்மணி. ரொம்ப நாளா நெனச்சுட்டே இருக்கறேன். தம்பி கல்யாணப் பத்திரிகைல அந்தப் பொட்டி" என்று ஆரம்பித்தாய். நான் முடிக்க விடவில்லை. "அந்தக் காலத்து மெஷினு, அப்படித்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசிலைப் பார்க்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நீ கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு உரிக்காமல் உட்கார்ந்திருந்தாய். "ஆமா, மெஷினுதான்" என்றாய்.

உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அந்த வெயிலில் நின்றபோது அது பொய் என்று தெரிந்துவிட்டது. சங்கடம் எனக்குத்தான். உன் பெயரை மூடியவள் நான். உன் இடத்தை நீயே போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீ அதைச் சொல்லிவிட்டால், நான் ஏன் அதைச் செய்யவில்லை என்ற கேள்வி என் பக்கம் திரும்பும். அதற்குப் பயந்துதான் எழுந்து போனேன். கடைசிக் காலத்தில் நீ என்னிடம் கேட்டது ஐந்து நிமிடம். அதைக்கூட நான் கொடுக்கவில்லை. மன்னித்துவிடு.

நீ சொல்ல வந்ததை முழுசாகக் கேட்டிருந்தால், நல்ல காரியம் செய்தாய், உன்னைத் தவிர யாராலும் அவ்வளவு அழகாகச் செய்திருக்க முடியாது என்று சொல்லியிருப்பேன். பெரியப்பா கேலி செய்தபோதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லியிருப்பேன். நீ அதைக் கேட்காமலே போய்விட்டாய்.

நேற்று ராத்திரி சமையலில் இருந்தபோது என் மகள் வந்து கதவோரம் நின்றாள். கொஞ்ச நாளாகவே அவள் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள நான்தான் பயந்துகொண்டிருந்தேன். "அம்மா, ஒண்ணு சொல்லோணும்" என்றாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.